பழைய பேய்களுக்கும் ஒரு இரவு கொடுங்கள்

இலங்கை மலையகத் தோட்டங்களின் இளைஞர் கழகங்களுக்கும் வாசிகசாலைப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

திருவிழா முடிந்த மறுநாளும், தீபாவளிக்கும், கிரிக்கெட் இறுதியாட்டத்துக்கும் சனசமூக நிலையத்தில் புரொஜெக்டர் வைத்துப் படம் போடுகிறீர்கள். நல்ல காரியம். செலவைப் பிரித்துக்கொள்கிறீர்கள், சண்டை சச்சரவு இல்லாமல் நடத்துகிறீர்கள், மறுநாள் மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கியும் கொடுக்கிறீர்கள். எனக்கு மனக்குறை படத் தெரிவில்தான். பேய்ப்படம் என்றால் போன வருடம் வந்த பேய்ப்படம். அதையும் பாதிப்பேர் போனில் பார்த்து முடித்திருக்கிறார்கள். எந்த இடத்தில் பேய் பாயப்போகிறது என்று பக்கத்தில் இருக்கிற பையன் முன்கூட்டியே சொல்லிவிடுகிறான்.

ஆகவே ஒரு விண்ணப்பம். மாதத்தில் ஒரு இரவைப் பழைய படத்துக்குக் கொடுங்கள். நூறு வருடம் பழையது, எழுபது வருடம் பழையது. பேய்ப்படம், விஞ்ஞானக் கற்பனைப் படம், அந்தக் காலத்துத் தொலைக்காட்சித் தொடரில் ஒரு அங்கம், எதுவாக இருந்தாலும் சரி. கூடவே தமிழில் கதை சொல்ல ஒரு ஆளைப் பிடியுங்கள். ஊமைப்படமாக இருந்தால் தப்புப் பறை அடிக்க இரண்டு பேரையும் கூப்பிடுங்கள். சனம் ஒன்றாக உட்கார்ந்து பயப்படட்டும், ஒன்றாகச் சிரிக்கட்டும்.

யார் இந்த ஆள், நமக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டார் என்று நினைப்பீர்கள். ஹட்டன் பக்கத்தில் 80களிலும் 90களிலும் வீடியோக் கடை வைத்திருந்தவன் நான். டி.வி.யும் வீடியோ டெக்கும் வாடகைக்கு விட்டு, கல்யாண வீடு, சடங்கு வீடு, சம்பள நாள் என்று தோட்டம் தோட்டமாகப் போய்ப் படம் போட்டவன். பல லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அப்போது கரண்ட் இல்லை. கார் பேட்டரியில் சின்னக் கறுப்பு வெள்ளை டி.வி. ஓடும். டெக் போடுவதென்றால் ஜெனரேட்டரையும் லொறியில் ஏற்றவேண்டும். ஒரு இரவுக்கு மூன்று படம்: முதலில் எம்.ஜி.ஆரோ சிவாஜியோ, நடுவில் ரஜினி, பெரியவர்கள் உட்கார்ந்தபடியே உறங்கிப்போன விடியப்புறத்தில் ஒரு இங்கிலீசுப் பேய்ப்படம். அந்த மூன்றாவது கெசட்டுக்குத்தான் இளவட்டத்திடம் கிராக்கி.

டெக்கைத் தூக்கிவர என்னோடு ஒரு அண்ணன் வருவார். அவருக்கு இங்கிலீசு ‘யெஸ்’, ‘நோ’வுக்கு மேல் தெரியாது. ஆனால் கதை சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. டி.வி.க்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, வாயசைவைப் பார்த்தே வசனம் கட்டுவார். 1931இல் வந்த ‘ஃபிராங்கென்ஸ்டைன்’ படத்தை ஒருமுறை அப்படி ஓட்டினோம். செத்தவர்களின் உடம்பிலிருந்து துண்டு துண்டாக எடுத்துத் தைத்து, மின்னல் கொடுத்து உயிர் ஊட்டிய ஒரு மனிதன். போரிஸ் கார்லொஃப் நடித்தது. அண்ணன் சொன்ன கதையில் அந்தத் தைத்த கைகளில் ஒன்று இன்னொரு தோட்டத்துக் கங்காணியுடையது. ஆகவேதான் அது எதைக் கண்டாலும் ஓங்குகிறதாம். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. முன் வரிசையில் கம்பளி போர்த்தியிருந்த ஒரு ஆயா மட்டும் சிரிக்கவில்லை. “அவனுக்குப் பேரு என்னா?” என்று கேட்டார். அண்ணன் முழித்தார். படத்தில் அவனுக்குப் பெயரே கிடையாது. தொடக்கத்தில் நடிகர் பெயர்கள் வரும் இடத்திலும் அவனுக்கு நேரே ஒரு கேள்விக்குறிதான் போட்டிருப்பார்கள். அதைச் சொன்னதும் ஆயா சொன்னார்: “பேரும் இல்ல, பதிவும் இல்ல. அப்ப நம்ம ஆளுதான்.”

1948 பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது ஒரே அடியில் நாடற்றவர்கள் ஆனவர்களின் தலைமுறை அவர். அந்தப் படத்தைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருப்பார்கள். அந்த ஆயா சொன்னதை எழுதியிருக்க மாட்டார்கள்.

நான் கேட்பது இதற்காகத்தான். போனில் தனியாகப் பார்த்தால் அது பழைய படம், அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் தள்ளிவிட்டு வேறொன்றுக்குப் போய்விடுவீர்கள். மண்டபத்தில் நம் ஆட்கள் நடுவில் போட்டால் அந்தப் படங்கள் நம்மைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகின்றன.

அதே படத்தில் ஏரிக்கரையில் ஒரு சின்னப் பிள்ளை அவனோடு பூ விளையாடும் கட்டம் உண்டு. பூவைத் தண்ணீரில் போடுகிறார்கள், மிதக்கிறது. பூ தீர்ந்துவிடுகிறது. அவன் பிள்ளையை நோக்கிக் கையை நீட்டுகிறான். பல காலம் ஓடிய பிரதிகளில் அந்த இடத்தோடு தணிக்கைக்காரர் வெட்டியிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து தகப்பன் பிள்ளையின் உடலைத் தூக்கிக்கொண்டு வருவார். இடையில் என்ன நடந்தது என்று பார்ப்பவர் தம் இஷ்டத்துக்கு நினைத்துக்கொள்ளலாம். நினைத்தவர்கள் எல்லோரும் மோசமானதைத்தான் நினைத்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து 80களில் வெட்டிய துண்டை மறுபடி சேர்த்தார்கள். பூ மிதந்த மாதிரிப் பிள்ளையும் மிதக்கும் என்றுதான் தூக்கிப் போட்டிருக்கிறான். மூழ்கியதும் பதறிப்போய்க் கைகளைப் பிசைகிறான். போடுவதென்றால் வெட்டாத பிரதியைத் தேடிப்பிடித்துப் போடுங்கள்.

சரி, எதில் தொடங்கலாம்? என்னைக் கேட்டால் ‘நொஸ்ஃபெராட்டு’. 1922இல் ஜெர்மனியில் முர்னாவ் எடுத்த ஊமைப்படம், ஒன்றரை மணித்தியாலம். பிராம் ஸ்டோக்கர் எழுதிய ‘டிராகுலா’ நாவலை அனுமதி வாங்காமல், ஆட்களின் பெயரை மட்டும் மாற்றிப் படமாக்கினார்கள். ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டார். 1925இல் எல்லாப் பிரதிகளையும் அழிக்கும்படி தீர்ப்பு வந்தது. அதற்குள் வெளிநாடுகளுக்குப் போயிருந்த சில பிரதிகள் தப்பிவிட்டன. இன்றைக்குப் பார்க்கக் கிடைப்பது அவற்றின் புண்ணியத்தில்தான். வெயில் பட்டால் இரத்தக் காட்டேரி அழிந்துபோகும் என்று எல்லாப் படத்திலும் வருகிறதே, அது நாவலில் இல்லாத சங்கதி. நாவலின் டிராகுலா பகலிலும் நடமாடுவான். வெயிலைக் கொண்டுவந்தது இந்தப் படம்.

அதில் ஒரு கப்பல் வரும். அடித்தளத்தில் மண் நிரப்பிய பெட்டிகள், மண்ணுக்குள் எலிகள். மாலுமிகள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கடைசியில் ஓட்ட ஆளில்லாத கப்பல் தானாகவே துறைக்குள் வந்து நிற்கிறது. பிறகு ஊரெல்லாம் கொள்ளைநோய், தெருவில் வரிசையாகச் சவப்பெட்டி. நம் பூட்டன் பூட்டிமார் கடல் தாண்டி, மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து வந்தபோது வாந்திபேதியில் விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு வந்த கதையை உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். தமிழ்நாட்டு மண்டபம் முகாமில் நோய் பார்த்து நிறுத்திவைத்த கதையும் இருக்கும். கப்பல் வருகிற கட்டத்தில் கதை சொல்பவர் கொஞ்சம் பேசாமல் இருந்தால் நல்லது. கிழவர்கள் பேசுவார்கள்.

தப்பு எதற்கு என்றால், ஊமைப்படத்தை அந்தக் காலத்தில் சத்தமில்லாமல் ஓட்டியதில்லை. திரைக்குப் பக்கத்தில் பியானோக்காரர் இருப்பார், பெரிய ஊரென்றால் வாத்தியக் குழுவே இருக்கும். ஜப்பானில் பென்ஷி என்று கதை சொல்வதற்கென்றே கலைஞர்கள் இருந்தார்கள். படத்தில் நடித்தவர்களைவிட அவர்களுக்காகக் கூட்டம் வந்ததும் உண்டு. இயக்குநர் அகிரா குரோசாவாவின் அண்ணன் அந்தத் தொழில் செய்தவர். காமன் கூத்துக்கும், சாவு வீட்டுக்கும், மாரியம்மன் கரகத்துக்கும் வேறு வேறு அடி வைத்திருக்கிற நம் தப்புக்காரர்களுக்குப் பேய்க்கு ஒரு அடி கண்டுபிடிப்பது பெரிய வேலையில்லை. படத்தை முன்கூட்டியே ஒருமுறை போட்டுக் காட்டிவிடுங்கள். பனிக் குளிரில் தோல் தொய்ந்துவிடும், மண்டபத்துக்கு வெளியே நெருப்பு மூட்டி இடைவேளையில் காய்ச்சிக்கொள்ள வசதி செய்யுங்கள். நிழல் மட்டும் சுவரில் படியேறி வருகிற கட்டம் ஒன்று இருக்கிறது. அங்கே அடியை முழுவதும் நிறுத்தச் சொல்லுங்கள். விரல்கள் நீண்டு நீண்டு கதவை நெருங்கும்போது, சின்னக் குச்சியால் தப்பின் ஓரத்தில் மெல்லத் தட்டினால் போதும். பிள்ளைகள் அம்மாவின் முந்தானைக்குள் போய்விடுவார்கள்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. இந்த வயதுப் படங்களுக்கு உரிமைக்காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. ஆனால் புதிதாகச் சேர்த்த பின்னணி இசைக்கும் சீர்செய்த பிரதிக்கும் வேறு உரிமைக்காரர் இருக்கலாம். ஆகவே பழைய பிரதியாகப் பார்த்து எடுத்து, சத்தத்தை அணைத்துவிட்டுத் தப்பு அடித்தால் வில்லங்கம் குறைவு. உரிமை முடியாத படமென்றால் கேட்டுப் போடுங்கள். ‘நைட் ஒஃப் த லிவிங் டெட்’ என்று 1968இல் ஜோர்ஜ் ரொமேரோ எடுத்த படம் மட்டும் வேடிக்கையான கேஸ். வெளியிடுகிற நேரத்தில் படத்தின் பெயரை மாற்றினார்கள். பழைய பெயர்ப் பலகையில் இருந்த உரிமை அறிவித்தல் அதோடு போய்விட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அறிவித்தல் இல்லாவிட்டால் உரிமையும் இல்லை. உலகமெல்லாம் நடந்து திரிகிற பிணங்களுக்கு வழிகாட்டிய படம் எடுத்தவர்களுக்குச் சேரவேண்டியது சேரவில்லை. அதைப் பெரியவர்களுக்கு மட்டும் போடுங்கள், சின்னப் பிள்ளைகள் இரவில் உறங்க மாட்டார்கள்.

அடுத்தது ‘மெட்ரோபோலிஸ்’. ஃபிரிட்ஸ் லாங், 1927. மேலே வெளிச்சத்தில் முதலாளிகள், நிலத்துக்கடியில் தொழிலாளர். தொடக்கத்திலேயே ஷிஃப்ட் மாறும். சங்கு ஊத, வேலை முடித்தவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எதிரெதிரே வரிசையாகக் கடந்துபோவார்கள். அவர்களுடைய மணிக்கூட்டில் பத்து மணிதான் இருக்கும், ஏனென்றால் ஷிஃப்ட் பத்து மணித்தியாலம். பங்களா மேட்டிலும் லயம் பள்ளத்திலுமாகப் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த நகரத்தின் அமைப்பை விளக்கத் தேவையில்லை. விடியற்காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குக் கூப்பிடும் சத்தத்தில் எழும்பிய நம் அம்மாமாருக்கு அந்தச் சங்கையும் விளக்கத் தேவையில்லை.

முடிவுதான் சொதப்பல். தலைக்கும் கைக்கும் நடுவில் இதயம் நின்று சமாதானம் செய்யவேண்டும் என்று முடித்துவிடுவார்கள். விஞ்ஞானக் கற்பனை எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் அந்தக் காலத்திலேயே படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார். லாங்குக்கே பிற்காலத்தில் அந்த முடிவு பிடிக்கவில்லை. துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் இதயமாக நிற்கிறோம் என்று மாதம் தவறாமல் தொழிற்சங்கச் சந்தா பிடித்தவர்களை நாம் கண்டிருக்கிறோம் அல்லவா? அந்தக் கடைசிக் காட்சிக்கு மண்டபத்தில் என்ன சத்தம் எழும்புகிறது என்று கேட்க எனக்கு ஆசை. முழுப்படம் இரண்டரை மணித்தியாலம். விடிய எழும்பி மலைக்குப் போகிறவர்களை அவ்வளவு நேரம் உட்காரவைக்க வேண்டாம், இரண்டு இரவாகப் பிரித்துவிடுங்கள்.

தொலைக்காட்சித் தொடர்களில் ஒன்றே ஒன்றைத்தான் போட முடியும் என்றால், ‘த ட்வைலைட் ஸோன்’ தொடரில் 1960இல் வந்த ஒரு அங்கத்தைப் போடுங்கள். ரொட் ஸெர்லிங் நடத்திய தொடர் அது. 1959 முதல் 1964 வரை அமெரிக்காவில் 156 அங்கங்கள் ஓடியது. நான் சொல்கிற அங்கத்தில் ஒரு சாதாரணத் தெரு. மாலை நேரம். வானத்தில் ஏதோ பளிச்சென்று கடந்துபோகிறது. கரண்ட் போய்விடுகிறது, போன் இல்லை, கார் ஸ்டார்ட் ஆகவில்லை. ஒரு பையன் தான் வாசித்த கதையைச் சொல்கிறான்: வேற்றுக் கிரகத்தார் வருவதற்கு முன்னால் மனிதர் மாதிரியே ஒரு குடும்பத்தை அனுப்பிவைப்பார்களாம். சின்னப் பிள்ளையின் பேச்சு என்று முதலில் சிரிக்கிறார்கள். ஒருவருடைய கார் மட்டும் தானாக ஸ்டார்ட் ஆகிறது. ஏன் அவருடையது மட்டும்? அந்த மனுசன் இரவில் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்ப்பாரே, எதற்கு? இன்னொருவர் வீட்டுக்குள் வைத்து ரேடியோ செய்கிறாராமே, யாரோடு பேச? இருட்டுக்குள் ஒரு உருவம் நடந்து வருகிறது. சுடுகிறார்கள். போய்ப் பார்த்தால், அடுத்த தெருவில் என்ன நிலை என்று பார்க்கப் போன பக்கத்து வீட்டுக்காரர். அதன்பிறகு ஒவ்வொரு வீட்டிலாக லைட் எரிந்து எரிந்து அணைகிறது, தெருவே ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிறது. பக்கத்துக் குன்றின் மேல் இரண்டு வேற்றுக்கிரகத்தார் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் செய்ததெல்லாம் லைட்டை அணைத்து எரித்ததுதான்.

இருபத்தைந்து நிமிடம். ஒரு பேயும் இல்லை.

2011 ஆகஸ்ட் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? உங்களில் பலர் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள். உடம்பெல்லாம் கிறீஸ் பூசிய மர்ம மனிதன் வருகிறான், பெண்களைப் பிறாண்டிவிட்டு ஓடுகிறான் என்று மலைநாட்டிலும் கிழக்கிலும் பீதி பரவியது. கிறீஸ் பூதம் என்று பெயரும் வைத்தாயிற்று. லயத்துக்கு லயம் பொல்லுத்தடிகளோடு காவல். பெண்கள் தனியாக மலைக்குப் போகவும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குப் போகவும் பயந்தார்கள். அரிக்கன் லாம்பும் டோர்ச்சும் எடுத்துக்கொண்டு ஒரு பக்கத்து ஆட்கள் வர, அந்த வெளிச்சத்தைப் பார்த்து மறுபக்கத்து ஆட்கள் ஓட, யார் யாரைத் துரத்துகிறார்கள் என்றே தெரியாது. துணி மூட்டை தூக்கிக் கடனுக்கு வியாபாரம் செய்ய வருகிறவன், மனநிலை சரியில்லாமல் அலைகிறவன், இருட்டில் வழி தவறியவன் எல்லோருக்கும் ஆபத்து. சில இடங்களில் சும்மா வந்தவர்களுக்கு அடி விழுந்தது, உயிரும் போனது. யார் செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள் என்று இன்றைக்கும் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள்.

அந்த அங்கம் முடிந்ததும் லைட்டைப் போட்டுவிட்டு, அடுத்த படத்துக்கு அவசரப்படாமல், 2011இல் நம் தோட்டத்தில் என்ன நடந்தது என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். முதலில் வேடிக்கைக் கதைகள்தான் வரும். யாரோ கோவணத்தோடு ஓடியது, யாரோ மாட்டை அடித்தது. கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். காவலுக்குப் போனவர்களே மண்டபத்தில் உட்கார்ந்திருப்பார்கள். என் கடை வாழ்க்கையில் நான் கண்ட எந்தப் பேய்ப்படத்தைவிடவும் அந்தப் பேச்சு பெறுமதியாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது.

வெள்ளைக்காரன் பேய் நமக்கெதற்கு என்று கழகத்தில் யாராவது கேட்பார்கள், தெரியும். நம் தோட்டங்களில் பேய்க்குப் பஞ்சமில்லைதான். செத்தபிறகும் குதிரையில் மலை சுற்றிப் பார்க்க வருகிற வெள்ளைத்துரை, பாலத்தடி மோகினி, கொழுந்து நிறுக்கும் மடுவத்துப் பக்கத்து முனி. ஆனால் அந்தக் குதிரைத் துரையே வெள்ளைக்காரன் பேய்தானே தம்பி! மலை உச்சியில் தனியாக நிற்கும் பெரிய வீட்டையும், அங்கிருந்து இரவில் இறங்கி வருகிற பிரபுவையும் கண்டு பயப்பட நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

விஞ்ஞானக் கற்பனையில் இன்னும் நெருக்கம். எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் 2008இல் சாகும்வரை இந்த நாட்டில் இருந்தவர். நாட்டில் தொலைக்காட்சியே இல்லாத 1975இல், செய்மதிப் பரிசோதனைக்காக இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் கொழும்பில் அவர் வீட்டில் பெரிய டிஷ் ஒன்றைப் பொருத்தினார்கள். இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கோடு சேர்ந்து அவர் எழுதிய ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ 1968இல் வந்தது. அதைச் சின்னப் பிள்ளைகளுக்குப் போடாதீர்கள், முதல் அரை மணியிலேயே ஓடிவிடுவார்கள். அவருடைய ‘த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்’ நாவலில் பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி கட்டுவார்கள். எந்த மலை உச்சியிலிருந்து? சிவனொளிபாதமலையை அப்படியே வார்த்த ஒரு மலையிலிருந்து. அதற்காகத் தீவையே பூமத்திய ரேகைக்கு இழுத்துக்கொண்டு போனார். மஸ்கெலியாப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள், மலையைப் பார்க்கிற பார்வை மாறும்.

நம் ஆள் ஒருவர் அதற்கும் முன்னாலேயே விண்வெளிக்குப் போய்வந்துவிட்டார். நாவலப்பிட்டியில் 1917இல் பிறந்த எம்.ஜி.ஆர். 1963இல் வந்த ‘கலை அரசி’யில், பாட்டும் கலையும் தெரியாத வேற்றுக்கிரகத்தார் பானுமதியைப் பாட்டுக் கற்றுக்கொடுக்கத் தூக்கிக்கொண்டு போக, எம்.ஜி.ஆர். பின்னாலேயே போய் மீட்டு வருகிறார். நம்பியாரும் உண்டு. அட்டையில் செய்த மாதிரி இருக்கிற விண்கலத்தைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கூட்டம் சேர்க்க இதைவிட நல்ல படம் இல்லை. தமிழில் பயம் வேண்டுமென்றால் வீணை எஸ். பாலசந்தர் 1970இல் எடுத்த ‘நடு இரவில்’ இருக்கிறது. ஒரே வீடு, ஒவ்வொருவராகச் சாகிறார்கள். இருக்கையின் நுனிக்கு வந்துவிடுவீர்கள்.

பழையது என்பதற்காக எல்லாம் பொன் என்று சொல்ல மாட்டேன். சேலம் மொடர்ன் தியேட்டர்ஸும் அமெரிக்கக்காரரும் சேர்ந்து 1952இல் எடுத்த ‘காடு’ படத்தில் வரும் பூர்வகால மாமூத் யானைகள், நம் யானைகளுக்குச் சடை உடுத்திவிட்டவைதான். 1933இன் ‘கிங் கோங்’கில் வில்லிஸ் ஓ’பிரையன் சின்னப் பொம்மையை அங்குலம் அங்குலமாக அசைத்துப் படம் பிடித்த வேலை இன்றைக்கும் கண்ணைக் கட்டும், ஆனால் தீவு மக்களைக் காட்டுகிற விதம் வயிற்றைப் பிரட்டும். அதைப் போட்டால் அதையும் பேசுங்கள். 1954இன் ‘கொட்ஸில்லா’வில் அப்படிப்பட்ட சங்கடம் இல்லை. அந்த வருடம் மார்ச்சில் பிக்கினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஐதரசன் குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. நவம்பரில் படம் வந்துவிட்டது. அந்த மிருகத்தின் உறுமல், டபுள் பேஸ் வாத்தியத்தின் தளர்த்திய கம்பியைத் தோல் கையுறையால் இழுத்துத் தேய்த்து எடுத்தது. பிள்ளைகளிடம் சொன்னால் மறுநாளே பழைய கிட்டாரோடு முயன்று பார்ப்பார்கள்.

இன்னொரு உதவியும் வேண்டும். படம் போடுகிற இரவில், வீட்டில் பழைய வீடியோக் கெசட் இருக்கிறதா என்று ஒலிபெருக்கியில் கேளுங்கள். ‘மெட்ரோபோலிஸ்’ வெளியான சில மாதத்திலேயே கால்வாசிப் படத்தை வெட்டி எறிந்தார்கள். தொலைந்ததில் பெரும்பகுதி 2008இல் புவனஸ் அயர்ஸில் ஒரு அருங்காட்சியகத்தில் கிடைத்தது. பி.பி.சி. தன் ‘டொக்டர் ஹூ’ தொடரின் 60களின் நாடாக்கள் பலவற்றை அழித்து மறுபடி பயன்படுத்தியது. 2013இல் ஒன்பது அங்கங்கள் நைஜீரியாவில் ஒரு தொலைக்காட்சி நிலையத்திலிருந்து திரும்பி வந்த செய்தி வெளியானது. இந்த நாட்டுத் தமிழ்ப் படங்களின் கதி இதைவிட மோசம். 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிந்தது, அங்கிருந்த நெகட்டிவ்களும் போயின. தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் 70களில் தயாரித்து நடித்த ‘புதிய காற்று’, ‘நான் உங்கள் தோழன்’ போன்றவற்றை உங்களில் யாராவது முழுதாகப் பார்த்திருக்கிறீர்களா? 1982இல் ரூபவாஹினி தொடங்கியபிறகு வந்த தமிழ் நாடகங்களையும் பேய்க்கதைகளையும் நம் வீடுகளில் டெக்கில் பதிந்து வைத்தவர்கள் உண்டு. வெறும் கெசட் வாங்க என் கடைக்குத்தான் வந்தார்கள்.

கெசட் கிடைத்தால் உடனே டெக்கில் செருகிவிடாதீர்கள். மூடியைத் தூக்கி நாடாவைப் பாருங்கள், பக்கத்துக் கண்ணாடி ஜன்னலால் சுருளையும் பாருங்கள். சுருளின் விளிம்பில் வெள்ளைப் பொடி மாதிரியோ சிலந்தி வலை மாதிரியோ தெரிந்தால் பூஞ்சணம். நம் ஊர் மூட்டத்துக்கு அலுமாரிக்குள்ளும் பிடிக்கும். அப்படியே ஓட்டினால் டெக்கின் ஹெட் அடைபடும், அடுத்ததாகப் போடுகிற கெசட்டுக்கும் தொற்றும், நாடாவும் அறுந்துபோகலாம். தனியாகப் பையில் போட்டு, ஈரமில்லாத இடத்தில் புத்தகம் மாதிரி நிறுத்திவைத்து, தெரிந்த ஆளிடம் கொடுங்கள். வெயிலில் காயப்போடவே கூடாது.

நடத்துகிற முறை உங்களுக்கே தெரியும், ஒன்றிரண்டு மட்டும் சொல்கிறேன். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கலர் பூசிய பிரதிகள் இப்போது வருகின்றன, வேண்டாம். நிழலுக்காக எடுத்த படத்தில் நிழலைக் கழுவி விட்டிருப்பார்கள். மண்டபத்து நீலச் சுவரில் நேரடியாகப் போடாமல் வெள்ளைத் துணி கட்டுங்கள். வெளியே போடுவதென்றால் போயா (பௌர்ணமி) லீவுதானே என்று அன்றைக்கு வைக்காதீர்கள், நிலா வெளிச்சத்தில் துணி வெளிறிவிடும். ஆறரைக்குத் தொடங்கினால் ஒன்பதுக்குள் முடிக்கலாம்.

அப்புறம் பெண்கள். போன தடவை எங்கள் பக்கத்து மண்டபத்தில் படம் போட்டபோது கதிரை முழுவதும் ஆண்கள். பகல் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு, வீட்டுக்கு வந்து ரொட்டி சுட்டு, பிள்ளையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு கதவடியில் நின்றவர்கள் பெண்கள். அதிலும் பாதிப்பேர் இடைவேளையோடு போய்விட்டார்கள், சமையல் மீதி இருந்ததாம். முன் இரண்டு வரிசையை அவர்களுக்கு ஒதுக்குங்கள். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டைக் கழகப் பையன்கள் மண்டபத்திலேயே செய்யுங்கள். ரொட்டியும் கட்டைச் சம்பலும் போதும். மாவு பிசையத் தெரியாதவன் தேங்காய் துருவட்டும்.

என்னிடம் டெக் இரண்டு இன்னும் ஓடுகிற நிலையில் இருக்கின்றன. படங்களின் பட்டியலும் இருக்கிறது, கேட்டால் அனுப்பிவைக்கிறேன். முதல் இரவுக்குக் கட்டாயம் வருவேன். ஆனால் கதை சொல்ல என்னை நம்பாதீர்கள், ஒன்றரை மணித்தியாலம் கத்துவதற்கு இந்தத் தொண்டை தாங்காது. கூத்தில் பாடுகிற ஒருவரை இப்போதே பேசி வையுங்கள்.

அன்புடன்,
பழைய வீடியோக் கடைக்காரர்,
ஹட்டன்